தை மாசத்துப் பூ

கேட்டைத் தொடாதீங்கம்மா. கோவிச்சுக்கிறாதீங்க, உங்களுக்குன்னு தனியாச் சொல்லல. யாரு வந்தாலும் இதே பேச்சுதான். தோட்டத்துல பூ நிக்குது. பூ நிக்கிறப்ப உள்ள ஆள் நடக்கக்கூடாது. இந்தா, இந்தக் கல்லு மேல உக்காருங்க. வீடு வெளியிலதான இருக்கு, தண்ணி வேணும்னா மோந்து தாரேன். காப்பி மட்டும் கேக்காதீங்க. காப்பித் தோட்டக்காரன் வீட்டுல காப்பி இல்ல, கடையில வாங்குன டீத்தூள்தான் கெடக்கு. வறுத்து இடிக்கிற ஆளு வீட்டுல இல்ல. அதைப் பின்னாடி சொல்றேன். மொதல்ல உங்க சர்வே கேள்விய முடிங்க.

பேரு வேலப்பன். அறுவத்தஞ்சு முடிஞ்சிருச்சு. ரெண்டரை ஏக்கர், பூராவும் அரபிக்காக் காப்பி. ஊடால மிளகுக் கொடி இருக்கு. ஆரஞ்சு நாலு மரம் நிக்குது, சும்மா நிக்குது. அது காய்ப்பை நிறுத்தி எட்டு வருசமாச்சு. வெட்டிரலாம்னா மனசு வரல. பொண்ணு ஒண்ணு, கோமதின்னு பேரு, ஒட்டன்சத்திரத்துல கட்டிக் குடுத்தாச்சு. வாரத்துக்கு ஒரு தடவ போன் பண்ணும். "அப்பா சாப்பிட்டியா"ன்னு கேக்கும். சாப்பிட்டேன்னு சொல்லுவேன். அம்புட்டுத்தான் பேச்சு.

என்ன கேட்டீங்க? இருவது வருசத்துல மழை கூடியிருக்கா, கொறைஞ்சிருக்கா, மாத்தம் இல்லையா? இந்த மூணுல ஒண்ணைத்தான் அந்தப் போன்ல அமுக்கணுமா? நாலாவதா ஒண்ணு இல்லையா? கூடவும் இல்ல, கொறையவும் இல்லம்மா, மழைக்கு வழி தப்பிப்போச்சு. குடிச்சுப்புட்டு வர்றவன் வீடு மாறிப் போயிக் கதவத் தட்டுவான் பாருங்க, அந்த மாதிரி வருது. இதை எதுல அமுக்குவீங்க? சரி, உங்களுக்குத் தோணுறதுல அமுக்குங்க.

எங்கய்யா காலத்துல, ஏன், என் காலத்துலயுந்தான், பங்குனியில ஒரு மழை விழுகும். பூ மழைம்போம். ஒரு சாயங்காலம் இடிச்சுப் பேஞ்சுட்டுப் போயிரும். எண்ணி ஒம்பதாம் நாள் காலையில எந்திரிச்சு வெளிய வந்தா மலை பூராம் வெள்ளை. ஒரே நாள்ல, ஒரே மூச்சுல. அந்த வாசத்துல வயித்துக்குப் பசி எடுக்காதும்மா, பொய் சொல்லல. அன்னிக்கு எங்கய்யா குளிச்சிட்டு வந்து இந்தக் கேட்டைப் பூட்டிருவாரு. சாவிய முருகன் படத்துக்குப் பின்னாடி வச்சிருவாரு. பத்து நாள். ஆடு மாடு ஆளு எதுவும் உள்ள போகக்கூடாது. கொப்புல தோளு பட்டா பூ உதிரும், ஒரு பூ ஒரு பழம்டாம்பாரு. ஊருல எல்லாரும் அப்பிடித்தான். வேலை இல்லாத பத்து நாள்ங்கிறதால கல்யாணம், காதுகுத்து எல்லாத்தையும் அதுலதான் வைப்பாக. என் கல்யாணமே பூ நிக்கையிலதான் நடந்துச்சு. தாலி கட்டிக் கூட்டிட்டு வந்தவ இந்தக் கேட்டுக்கு வெளியதான் நின்னா. வீட்டைக் காட்டலாம், மாட்டைக் காட்டலாம், தோட்டத்தைக் காட்ட முடியல. "என்ன, மாப்பிள்ளை வீட்டுத் தோட்டம் நெசமா, இல்ல பூட்டு மட்டுந்தானா"ன்னு கேட்டா. பத்தொம்பது வயசு. அப்பவே வாயி அப்பிடி.

தெய்வானை. எழுத வேணாம், அவ பேரு உங்க லிஸ்ட்டுலயே இருக்கும். ஓடைக்கு அங்கிட்டு இருக்கிறவ. இருக்கா? எங்க, படிங்க. கணவர் பேருல என்ன போட்டிருக்கு? வேலப்பன்னா? வேலப்பன்னே போட்டிருக்கா? ம். ரேசன் கார்டைப் பாத்து எழுதியிருப்பாக. அவளாச் சொல்லியிருக்க மாட்டா.

அடுத்த கேள்வி கேளுங்க. இல்ல, இருங்க, மழையே முடியல. கார்த்திகைக்கு அப்புறம் மழையும் இல்ல, கர்ணனுக்கு அப்புறம் கொடையும் இல்லம்பாக. அதுல இப்பக் கர்ணன் மட்டுந்தான் சொன்ன சொல்லுல நிக்கிறாரு. மழை மார்கழியில வருது, தையில வருது, வரவேண்டிய பங்குனியில வானம் வெறிச்சுன்னு கெடக்குது. வந்தாலும் முழுசா வர்றதில்ல. ஒரு தூறல். அதுக்குக் கொஞ்சம் பூ. இருவது நாள் கழிச்சு இன்னொரு தூறல். அதுக்குக் கொஞ்சம். நாலு வருசத்துக்கு முந்தி எண்ணிப் பாத்தேன், ஒரே வருசத்துல அஞ்சு தடவ பூத்துச்சு. தோட்டத்துல ஒரு மூலை பூத்தா ஒரு மூலை தூங்குது.

நான் என்ன பண்ணுனேன்னு கேளுங்க. அஞ்சு தடவையும் பூட்டுனேன். பூவுன்னா பூவுதான? கொஞ்சப் பூவுக்குக் கொஞ்சமாப் பூட்ட முடியுமா? அஞ்சு பத்து அம்பது நாள். தெய்வானை குதியா குதிச்சா. "ஏங்க, நீங்க அம்பது நாள் பூட்டிப் போட்டா நான் எப்ப மிளகு பறிக்கிறது, எப்ப நெழல் மரத்துல கொப்பு வெட்டிக் கவாத்து பண்றது? ஊருல எல்லாரும் பூட்டுறதை விட்டுட்டாக. உங்களுக்கு மட்டும் பிடிச்ச முயலுக்கு மூணு காலு"ன்னா. முயலைப் பிடிச்சவன் நான், எனக்குத் தெரியாதா எத்தனை காலுன்னு? எங்கய்யா பூட்டுனாரு, காய்ச்சுச்சு. ஊருக்காரன் தெறந்து போட்டான், கேட்டா அவனுக்கும் விளைச்சல் இல்லைங்கிறான். அப்பப் பூட்டுல என்ன தப்பு இருக்கு? நீங்களே சொல்லுங்க. சொல்ல மாட்டீங்க. உங்களுக்குக் கேக்க மட்டுந்தான் சம்பளம்.

போன வருசம் தை. பொங்கல் கழிஞ்சு நாலு நாள். கடைசிச் சுத்துப் பழம் இன்னும் எடுக்கல, மரத்துல செக்கச்செவேர்னு நிக்குது. மூணு நாள் மழை பேஞ்சுச்சு. தையில! தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு பனிக்குத்தான் பேரு கேட்டிருக்கோம். இது மழை. ஒம்பதாம் நாள் பூத்துருச்சு. ஒரே கொப்புல செவப்புப் பழம், பக்கத்துலயே வெள்ளைப் பூ. என் ஆயுசுல நான் அதைப் பாத்ததில்லம்மா. பாட்டியும் பேத்தியும் ஒண்ணாத் தூளியில கெடந்த மாதிரி. அழகாத்தான் இருந்துச்சு, இல்லைங்கல.

என்ன பண்ணுவீங்க அதுக்கு? பழத்தை எடுக்கணும்னா உள்ள நடக்கணும். பூவைக் காக்கணும்னா உள்ள நடக்கக்கூடாது. தெய்வானை சொன்னா, "மழை பட்ட பழம் வெடிச்சு உதிரும். உதிர்ந்தா அதுல பூச்சி வைக்கும். வச்ச பூச்சி அடுத்த வருசக் காய்க்கு ஏறும். பூ போனா இந்த ஒரு பூவோட போச்சு, இன்னும் நாலு தடவ பூக்கப்போகுது. பழத்தை எடுப்போம்"னா. நான் கேட்டைப் பூட்டுனேன். சாவிய இடுப்புல சொருகிக்கிட்டேன், முருகன் படத்தை நம்பல.

மூணாம் நாள் கஞ்சி குடிச்சிட்டு இந்தக் கல்லுலதான் உக்காந்திருந்தேன். உள்ள பொம்பளைக பேச்சுச் சத்தம். ஓடைப் பக்கம் வேலியைப் பிரிச்சு, பழம் எடுக்குற பொம்பளைக நாலு பேரைக் கூட்டிக்கிட்டு உள்ள போயிருக்கா. என் தோட்டத்துல, என் பூவுல! நான் பூட்டைத் தெறந்து உள்ள போயி ரெண்டு வார்த்தை பேசுனேன். பழ மூட்டை விழுந்துருச்சு. அம்புட்டுத்தான். அன்னிக்கே ஓடையத் தாண்டிப் போயிட்டா. அவுக அப்பன் சீதனமாக் குடுத்த ஒரு ஏக்கர் அங்கிட்டு இருக்கு, அதுல ஒரு பழைய குடிசை கெடந்துச்சு. தகரம் மாத்தி அதுலயே இருந்துக்கிட்டா. ஒரு வருசம் ஆகிப்போச்சு. ஒரு மூட்டை விழுந்ததுக்கு இம்புட்டா? நாப்பது வருசம் குடும்பம் நடத்துனவ பண்ற வேலையா இது?

கேளுங்க. பருவநிலை மாத்தத்துக்காக நீங்க என்னென்ன மாத்தம் பண்ணியிருக்கீங்க. இதான கேள்வி? ஒண்ணும் பண்ணல. போட்டுக்கோங்க, ஒண்ணும் பண்ணலன்னு. மாத்துறதுக்கு இது என்ன சட்டையா?

அவகிட்டப் போயிக் கேளுங்க, நெறையச் சொல்லுவா. அவளுக்குத்தான் வெளங்குமே எல்லாம். ஒரு ஏக்கர்ல குழி வெட்டித் தார்ப்பாயி விரிச்சு மழைத்தண்ணி புடிச்சு வச்சிருக்கா. குளமாம். என் எருமை உக்காந்தா நெறைஞ்சு போயிரும். அரைகொறையாத் தூறல் விழுந்துச்சுன்னா அந்தத் தண்ணிய மொண்டு மிச்சத்துக்கு ஊத்துறா, மொட்டு கருகாம விரியுது. வெயிலுக்கு வாழை நட்டிருக்கா. காஞ்ச எலைய எல்லாம் வாரித் தூருல போட்டு மெத்தை மாதிரி வச்சிருக்கா, அது மேலதான் நடக்குறா. பழத்தை ஒரேயடியா எடுக்குறதில்ல. பூ அஞ்சு தடவ வந்தா பழமும் அஞ்சு தடவ எடுப்பேங்கிறா. ரெண்டு பொம்பளைகளை மட்டும் வச்சுக்கிட்டு, செவ்வாய்க்கெழமை, வெள்ளிக்கெழமை. எடுத்து முடிச்சதும் தரையில உதிர்ந்தது ஒண்ணு விடாம ஒக்காந்து பொறுக்குவா. நேத்து மட்டும் பொறுக்கல. நேத்து அவ வீட்டு அடுப்புல பொகை ஒம்பது மணிக்குத்தான் வந்துச்சு, தெனம் ஆறரைக்கு வந்துரும். ராத்திரியில இருமல் இருந்துச்சு. குளிரு ஏறிருச்சா, இல்ல நெஞ்சுச் சளியான்னு தெரியல. நீங்க போனா சாடையாக் கேட்டுப் பாருங்க. நான் சொன்னதாச் சொல்லாதீங்க.

நான் அந்தப் பக்கம் பாக்குறதே இல்ல. இங்க உக்காந்தா தன்னால தெரியுது, அதுக்கு நான் என்ன பண்றது?

விளைச்சலா? அவளுக்கு நல்ல விளைச்சல். எனக்கு இல்ல. பழத்து நுனியில ஊசி குத்துன மாதிரி ஓட்டை. உடைச்சா உள்ள கருப்பாப் பூச்சி. பாதிக்கு மேல அப்பிடித்தான். எங்கருந்து வந்துச்சுன்னு கேக்குறீங்களா? வந்துச்சு. காத்துல வந்திருக்கும். பக்கத்துத் தோட்டத்துல இருந்து வந்திருக்கும். பத்து நாள் பூட்டிக் கெடந்ததுல மிச்சப் பழம் எல்லாம் வெடிச்சுக் கீழதான் கெடந்துச்சு, செவப்புப் பாயி விரிச்ச மாதிரி. நான் பொறுக்கல. யாரு பொறுக்குறது? பழம் எடுக்குற பொம்பளைக அதுக்கப்புறம் என் தோட்டத்துக்கு வரமாட்டேன்னுட்டாக.

ஏன் வரமாட்டாகன்னா... அன்னிக்கு அவுக முன்னாடி கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். மூட்டை விழுந்துச்சுன்னு சொன்னேன்ல. அவ தலையில இருந்துச்சு மூட்டை. நான் வழிய மறிச்சு நின்னேன், அவ ஒதுங்கிப் போகப் பாத்தா. கை பட்டுருச்சு.

என்ன அப்பிடிப் பாக்குறீங்க? நீங்க எழுதாதீங்க இதை.

தள்ளிவிட்டேம்மா. நாந்தான் தள்ளுனேன். கையால மூட்டையைப் புடிச்சு இழுத்துத் தள்ளுனேன். மூட்டை அவுந்து பழம் பூராம் சரிவுல உருண்டுச்சு. அவ ஒரு கையை ஊன்றி உக்காந்துட்டா. நாலு பொம்பளைகளும் அப்பிடியே நின்னுட்டாக. அவ என்னையப் பாத்துத் திட்டுவான்னு நெனச்சேன். திட்டல. அழுவான்னு நெனச்சேன். அழுகல. குனிஞ்சு, உருண்ட பழத்தை ஒண்ணு ஒண்ணாப் பொறுக்க ஆரம்பிச்சா. எல தள்ளி, கல்லு தள்ளி, ஒண்ணு ஒண்ணா. கீழ கெடந்தா பூச்சி வச்சுரும்ல, அதுக்குத்தான். நாலு பேரும் பொறுக்கக் குனிஞ்சாக. நான் பூவு உதிருது உதிருதுன்னு கத்திக்கிட்டே நின்னேன். அஞ்சு பேரு பொறுக்குறாக. நான் ஒருத்தன்தான் குனியல.

பொறுக்கி முடிச்சு மூட்டையைக் கட்டித் தூக்கிட்டு வந்து, இந்தா, இந்த வாசல் களத்துல கொட்டி, தோலு உரிக்கப் போட்டுட்டு, கைகால் கழுவிட்டுப் போனா. வேலைய முடிச்சிட்டுத்தான் போனா. போறப்பக் கேட்டைக் கூடச் சாத்திட்டுத்தான் போனா. ஒத்த வார்த்தை சொல்லல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். ஆயிரம் வாயி பேசுறவ, அன்னிக்குப் பேசல பாருங்க.

கோமதி வந்து ஒரு நாள் ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்துச்சு. அங்கிட்டுப் போயி இங்கிட்டு வந்து. "அம்மா வரமாட்டேன்னு சொல்லலப்பா. நீ வந்து கூப்பிடுன்னும் சொல்லல. கேட்டைத் தெறந்து வைக்கச் சொல்லுன்னுச்சு. அம்புட்டுத்தான்"னா. நான் சொன்னேன், "பூ நிக்குதுடி, எப்பிடித் தெறக்குறது"ன்னு. அப்ப நெசமாவே நின்னுச்சு. கோமதி பையை எடுத்துக்கிட்டு பஸ்ஸுக்குப் போயிருச்சு.

எங்க எந்திரிச்சிட்டீங்க? அவ வீட்டுக்கா? இப்பிடித் தோட்டத்துக்குள்ள எறங்குனா ஓடை, தாண்டுனா அவ வீடு. பத்து நிமிசம். ஆனா ரோட்டு வழியாத்தான் போகணும். ஒரு மணி நேரம் ஆகும், மேடு. என்னம்மா பண்றது, பூ நிக்குது.

என்ன பாக்குறீங்க வேலி வழியா?

ம்.

ஆமா. நீங்க விவசாயம் படிச்ச புள்ள. உங்க கண்ணுக்குத் தப்புமா.

ஒத்தப் பூ இல்ல. ஆமா. எல்லாம் பழுப்பாகிக் கொட்டிருச்சு. கொப்புல குண்டூசித் தலை மாதிரி பிஞ்சு தெரியுது பாருங்க. பூ முடிஞ்சு இருவத்திரெண்டு நாளாச்சு. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். அதுக்கு முந்தின பூவுக்கும் இப்பிடித்தான், பத்து நாள் முடிஞ்சும் தெறக்கல. அதுக்கு முந்தியும் தெறக்கல.

சிரிக்கிறீங்களா? இல்லையே. சிரிச்சாலும் தப்பில்ல.

பூட்டிக் கெடந்தா, பூட்டிக் கெடக்கு, அதனால வரலைன்னு நான் இருந்துக்கிருவேம்மா. தெறந்து போட்டு வச்சேன்னு வைங்க. ஒரு நாள் பாப்பேன். ரெண்டு நாள் பாப்பேன். ஒரு வாரம் பாப்பேன். அவ வரலைன்னா? அதுக்கப்புறம் நான் எதைச் சொல்லிக்கிட்டு இந்தக் கல்லுல உக்காந்திருக்கிறது?

வெயில் ஏறுது, கெளம்புங்க. ரோட்டு வழியாவே போங்க. முக்குல ஒரு டீக்கடை இருக்கு, அதுல இருந்து எடப்பக்கம் எறங்குங்க. அவ நல்லாப் பேசுவா, உங்களுக்குக் காப்பி போட்டுத் தருவா. இருமலைக் கேக்க மறந்துறாதீங்க.

என்னையப் பத்தி அவ கேக்க மாட்டா. கேட்டாத்தான் சொல்லணும். பூ நிக்குதுன்னு சொல்லுங்க. அங்க இருந்து பாத்தாலே அவளுக்குத் தெரியும் பூ முடிஞ்சிருச்சுன்னு. இருந்தாலும் அப்பிடியே சொல்லுங்கம்மா.